நொடித்துப்போன தளத்தில் உருவான கப்பல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலோடிய பாய்மர வணிகக் கப்பல் ஒவ்வொன்றின் உருவாக்கத்திலும் தச்சரின் உளியோடு வணிகரின் கணக்கேடும் சேர்ந்தே வேலை செய்தது. தொலைநாட்டுச் சந்தையின் விலைப்போக்கு, மரங்களின் இயல்பு, இரும்பின் வலிமை, தர விதிகளின் கண்டிப்பு, கடன் கொடுத்தவர்களின் பொறுமை ஆகியவற்றுள் எது குறைந்தாலும் கப்பல் கரையிலேயே நின்றுவிடும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1869ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் நீரில் இறக்கப்பட்ட கட்டி சார்க் என்னும் கப்பலாகும். அதைக் கட்டத் தொடங்கிய நிறுவனம் அது நீரைத் தொடும் முன்பே நொடித்துவிட, கப்பலோ லண்டனின் கிரீனிச் பகுதியில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. நிறுவனத்தின் வீழ்ச்சிக்கும் கப்பலின் நெடுவாழ்வுக்கும் உள்ள தொடர்பை அறிய, அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தேயிலையும் விரைவும்

அக்காலத்தில் பிரிட்டனில் அருந்தப்பட்ட தேயிலையின் பெரும்பகுதி சீனத்திலிருந்து வந்தது. ஆண்டின் முதல் பறிப்பில் கிடைத்த தேயிலையை எந்தக் கப்பல் முதலில் லண்டனுக்குக் கொண்டுவருகிறதோ அதன் சரக்குக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், சரக்கைக் குறைவாக ஏற்றினாலும் விரைவாக ஓடும் கப்பலுக்கு மதிப்பு மிகுந்தது. ஒடுங்கிய உடலும் கூரிய முன்பகுதியும் உடலின் அளவை மிஞ்சிய பாய்ப்பரப்பும் கொண்ட இவ்வகைக் கப்பல்கள் கிளிப்பர் எனப்பட்டன. 1866ஆம் ஆண்டு சீனத்தின் ஃபூச்சோ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டேப்பிங், ஏரியல் என்னும் இரு கிளிப்பர்கள் 99 நாள் கடலோட்டத்துக்குப் பின் லண்டன் துறைக்குள் நுழைந்தபோது அவற்றுக்கிடையே இருந்த இடைவெளி 28 நிமிடம் மட்டுமே என்பதிலிருந்து அப்போட்டியின் கடுமையை உணரலாம்.

லண்டன் கப்பல் உரிமையாளர் ஜான் வில்லிஸ் இப்போட்டியில் முதலிடம் பிடிக்க விரும்பினார். 1868இல் அபர்டீன் நகரில் கட்டப்பட்ட தெர்மோப்பிலி தன் முதல் பயணத்திலேயே பெயர் பெற்றுவிட்ட நிலையில், அதை விஞ்சும் கப்பலுக்கு முன்மாதிரியாக அவர் கருதியது தம்மிடம் ஏற்கெனவே இருந்த ட்வீட் என்ற கப்பலை. அது இந்தியாவில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைக்காகப் பம்பாய்க் கப்பல் தளத்தில், தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிவந்த பார்சி வாடியா குடும்பத்தாரால் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு, பஞ்சாப் என்ற பெயருடன் 1854இல் நீரில் இறக்கப்பட்ட நீராவிப் போர்க்கப்பல் அது. அக்கடற்படை கலைக்கப்பட்டபின் அதை வாங்கிய வில்லிஸ், பொறிகளையும் துடுப்புச் சக்கரங்களையும் கழற்றிப் பாய்மரக் கப்பலாக மாற்றியபோது அது வியக்கத்தக்க விரைவுடன் ஓடியது.

புதிய கப்பலை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்ற ஹெர்குலிஸ் லிண்டன், உலர்துறையில், அதாவது நீரை இறைத்துவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பார்வையிட வகைசெய்யும் தொட்டியில், ட்வீட் கப்பலை ஆராய்ந்தார். அணியம் எனப்படும் முன்பகுதியின் வடிவே அதன் விரைவுக்குக் காரணம் என்று வில்லிஸ் கருதியதால், அவ்வடிவை லிண்டன் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அமரம் எனப்படும் பின்பகுதி பீப்பாய்போல் உருண்டிருப்பது அவருக்கு உடன்பாடாக இல்லை. பின்பகுதி அகன்று சதுரப் பாங்கில் அமைந்தால் மிதப்பாற்றல் கூடும், பின்னாலிருந்து வரும் பேரலையில் அது மேலெழும்பும், அலை தளத்தின்மேல் உடைந்து சுக்கான் பிடிப்பவரை அடித்துச் செல்லும் இடர் குறையும் என்பது அவர் கணக்கு. இவ்வாறு பம்பாயில் உருவான முன்பகுதியும் டம்பார்ட்டனில் திருத்தப்பட்ட பின்பகுதியும் ஒரே வரைபடத்தில் இணைந்தன.

ஒப்பந்தத்தின் பிடி

கிளைடு ஆற்றுடன் லெவன் ஆறு கலக்கும் இடத்தில் அமைந்தது டம்பார்ட்டன். அங்கே லெவன் கரையில் ஸ்காட் அண்டு லிண்டன் என்னும் புதிய நிறுவனம் தளம் அமைத்திருந்தது. 1869 பிப்ரவரியில் இந்நிறுவனமும் வில்லிஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 950 டன்னுக்கு மிகாத கப்பலை ஆறு மாதத்துக்குள், டன்னுக்கு 17 பவுண்டு வீதம் கட்டித்தர வேண்டும். வேலை முன்னேற முன்னேறத் தொகை ஏழு தவணைகளில் வழங்கப்படும். காலம் கடந்தால் நாளொன்றுக்கு 5 பவுண்டு தண்டம். இங்கு டன் என்பது எடையைக் குறிக்காது. கப்பலின் உட்கொள்ளளவில் 100 கன அடி ஒரு டன்னாகக் கணக்கிடப்பட்டது. கூலி, மரம், இரும்பு, பாய், கயிறு யாவற்றையும் இந்த விலைக்குள் அடக்குவது அனுபவம் மிக்க தளத்துக்கே கடினம் என்னும்போது, பெயரெடுக்கும் ஆவலில் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்ட புதிய நிறுவனத்தின் நிலை தொடக்கத்திலேயே நெருக்கடியானது.

அதற்குமேல் தர விதியும் சேர்ந்தது. கப்பல்களை ஆய்ந்து தரவரிசைப்படுத்தும் லாய்ட்ஸ் பதிவேட்டில் ஏ1 என்னும் உயர்தரத்தை அது பெற வேண்டும் என்று ஒப்பந்தம் வலியுறுத்தியது. காப்பீடு செய்வோரும் சரக்கு அனுப்புவோரும் இத்தரத்தைப் பார்த்தே கப்பலை நம்பினர் என்பதால் இது உரிமையாளருக்கு இன்றியமையாதது. லாய்ட்ஸ் ஆய்வாளர்களோடு, வில்லிஸின் சார்பில் ஜார்ஜ் மூடி என்பவரும் கட்டுமானத்தை நாள்தோறும் மேற்பார்வையிட்டார். கப்பல் முடிந்தபின் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்க வேண்டியவரும் அவரே. தான் ஏறிச் செல்லப்போகும் கப்பலின் ஒவ்வொரு பலகையையும் தட்டிப்பார்க்கும் மேற்பார்வையாளர் எவ்வளவு கண்டிப்பாக இருந்திருப்பார் என்பதை விளக்கத் தேவையில்லை.

இரும்பு எலும்பும் மரத்தோலும்

கட்டி சார்க்கின் கட்டுமான முறை கலப்புக் கட்டுமானம் எனப்படும். உட்சட்டகம் முழுவதும் தேனிரும்பு, வெளியுடல் மரப்பலகை. முழுக்க மரத்தால் கட்டினால் என்ன, முழுக்க இரும்பால் கட்டினால் என்ன என்ற வினா இங்கே எழும். மரச்சட்டங்கள் பருமனானவை ஆதலால் சரக்கறையின் இடத்தை அடைத்துக்கொள்வதோடு, நீண்டு ஒடுங்கிய உடல் அலைகளின்மேல் வளைந்து நெளியும்போது மூட்டுகள் தளர்ந்து நீர் கசியும். இரும்பு உடல் வலியது, மெல்லியது. ஆனால் வெப்பக் கடலில் சில மாதம் ஓடினாலே பாசியும் கொட்டலசு எனப்படும் ஓட்டுடலியினமும் அடிப்பகுதியில் அப்பிக்கொண்டு விரைவைக் குறைத்துவிடும். மேலும் இரும்புச் சுவரில் வியர்க்கும் ஈரம் தேயிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் வணிகரிடையே நிலவியது.

பாசி பிடிப்பதைத் தடுக்கச் செம்புக் கலவைத் தகடு போர்த்துவது வழக்கம். செம்பிலிருந்து சிறுகச் சிறுகக் கரையும் உப்புகள் கடலுயிரிகளுக்கு நஞ்சாகும். ஆனால் கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரண்டுக்குமிடையே மின்வேதி வினை தோன்றி இரும்பு விரைந்து அரிக்கப்படும் என்பதால், இரும்பு உடலின்மேல் செம்புத் தகட்டை நேரடியாக அறைய இயலாது. இரும்புச் சட்டகத்தின்மேல் மரப்பலகையைப் பொருத்தி, அம்மரத்தின்மேல் தகட்டை அறைந்தால், மரமே இரு உலோகங்களையும் பிரிக்கும் அரணாகிவிடும் என்பதே கலப்புக் கட்டுமானத்தின் அடிப்படை நுட்பம். கட்டி சார்க்கில் இதற்குப் பயன்பட்டது, ஏறத்தாழ 60 விழுக்காடு செம்பும் 40 விழுக்காடு துத்தநாகமும் கலந்த மன்ட்ஸ் உலோகம். 1832இல் ஜார்ஜ் ஃபிரடெரிக் மன்ட்ஸ் காப்புரிமை பெற்ற இக்கலவை, தூய செம்பைவிட மலிவானது. பலகைகளை இரும்புச் சட்டத்தோடு பிணைத்த திருகாணிகளும் இதே உலோகத்தாலானவை.

மரத்தேர்விலும் இதே நுட்பம் தெரிகிறது. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கிலுள்ள எண்ணெயோ இரும்புக்குத் தீங்கு செய்யாமல், மரத்தையும் உளுத்துப்போகாமல் காக்கிறது. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே, காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும் பகுதிக்குத் தேக்குப் பலகைகள் இடப்பட்டன. எப்போதும் நீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு, ஈரத்தில் வலிமை குன்றாத அமெரிக்க எல்ம் மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேக்கு என்னும் தென்னிந்தியச் சொல்லும் அம்மரத்தைப் போலவே கடலேறிச் சென்றதுதான். மலையாளக் கரையில் அதைக் கேட்ட போர்த்துகீசியர் வழியாக அது ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது.

தளத்தில் நடந்த வேலை

கப்பல் கட்டும் வேலை மரம் அறுப்பதிலிருந்து தொடங்குவதில்லை. இடமும் வலமும் ஒத்த உடல் என்பதால் கப்பலின் ஒரு பாதியை மட்டும் சிறிய மரவுருவாகச் செதுக்கி, அதன் வளைவுகளைக் கையால் தடவியும் கண்ணால் அளந்தும் திருத்துவது அக்கால வழக்கம். பாதியுரு ஒப்புக்கொள்ளப்பட்டபின் அதன் கோடுகள் தாளில் வரையப்பட்டு, பின்னர் அகன்ற மேல்மாடியின் கரிய பலகைத் தளத்தில் முழு அளவில் கீறப்பட்டன. தாளில் புலப்படாத சிறு பிழையும் முழு அளவில் பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதே இதன் பயன். அக்கோடுகளின்மேல் மெல்லிய மரச் சட்டங்களை வைத்து ஒவ்வொரு வளைவுக்கும் அச்சு எடுக்கப்பட்டது.

வெளியே, நீரை நோக்கிச் சரிந்த நிலத்தில் கனத்த மரக்கட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் ஏராக்கட்டை கிடத்தப்பட்டது. ஏரா என்பது கப்பலின் முதுகெலும்புபோல் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை. முன்முனையில் அணியக் கம்பமும் பின்முனையில் சுக்கானைத் தாங்கும் கம்பமும் அதன்மேல் எழுப்பப்பட்டன. அடுத்து வந்தவை விலா எலும்புகளை ஒத்த வங்குகள். இரும்புச் சட்டத்தை உலையில் பழுக்கக் காய்ச்சி, துளைகள் நிறைந்த கனத்த இரும்புத் தரையில் முளைகளை நட்டு, அச்சின் வளைவுக்கேற்பச் சம்மட்டியால் அடித்து வளைத்தனர். சூடு ஆறுவதற்குள் முடியாவிட்டால் மீண்டும் உலைக்குத்தான் அனுப்ப வேண்டும். வங்குகள் எழுந்து, குறுக்கு உத்தரங்களும் நீளவாட்டத் தகடுகளும் தறையாணிகளால் பிணைக்கப்பட்டபின், கப்பல் ஒரு மாபெரும் கூடையின் தோற்றத்தைப் பெற்றது.

பலகை பொருத்துவது தச்சர்களின் பங்கு. வளைவு மிகுந்த இடங்களில் நீராவியில் வேகவைத்து நெகிழ்ந்த பலகையைச் சூட்டோடு சூடாக வங்கில் அழுத்தி ஆணியிடுவர். பலகைகளின் இணைப்புகளில் பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரை உளியாலும் மரச் சுத்தியலாலும் அடித்துச் செருகி, மேலே உருக்கிய கீல் ஊற்றி நீர் புகாமல் அடைக்கும் வேலைக்குத் தமிழகக் கடற்கரையில் கலப்பத்து என்று பெயர். நார் தளர்வாக இருந்தால் நீர் கசியும், அளவுக்கு மீறி இறுகினால் பலகையே விலகும். ஆகையால் ஒலியைக் கேட்டே பதம் அறியும் தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டுமே இப்பணி ஒப்படைக்கப்பட்டது.

இவ்வளவு கவனத்தோடு வேலை நடந்த தளத்தில் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. கப்பலுக்கு மேலும் வலுச்சேர்க்க வேண்டும் என லாய்ட்ஸ் ஆய்வாளர்கள் கேட்டதால் வேலை தாமதமாயிற்று. வேலையின் படிநிலை எட்டப்படாமல் தவணை வராது, தவணை வராமல் கூலியும் பொருளும் கிடைக்காது. இச்சுழலில் சிக்கிய ஸ்காட் அண்டு லிண்டன் பணமின்றி வேலையை நிறுத்தியது. நிறுவனத்தை உடனே கலைத்து விற்பதைவிடக் கப்பலை முடித்துவிடுவது நல்லது எனக் கருதிய கடன்காரர்கள், அதே ஊரிலிருந்த டென்னி நிறுவனத்திடம் எஞ்சிய வேலையை ஒப்படைத்தனர். கப்பல் முடிந்தது, ஆனால் வேலை நின்ற நாளில் வரவேண்டியிருந்த கடனைவிட, முடிந்தபின் கடன்காரர்களுக்கு வரவேண்டிய தொகை கூடுதலாயிற்று.

நீரில் இறங்கும் கணம்

மாதக்கணக்கில் அசையாமல் நின்ற பல நூறு டன் எடையை ஒரே நிமிடத்தில் நிலத்திலிருந்து நீருக்கு மாற்றுவதே கப்பல் இறக்கம். இதற்குக் கப்பலின் அடியில் இருபுறமும் நீருக்குள் சென்று முடியும் சரிவுப் பாதைகள் அமைக்கப்பட்டு, அவற்றின்மேல் கொழுப்பும் மென்சோப்பும் தடிமனாகப் பூசப்படும். பாதையின்மேல் வழுக்கிச் செல்லும் நீண்ட கட்டைகளும், அவற்றின்மேல் கப்பலைத் தொட்டில்போல் அணைத்துத் தாங்கும் மரச்சட்டகமும் பொருத்தப்படும். இறக்கத்துக்கு முன், தச்சர்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் ஆப்புகளை அடித்து இறுக்குவர். அடியிலிருந்த கட்டைகளின் பளு சிறிது சிறிதாகத் தொட்டிலுக்கு மாற, கட்டைகள் ஒவ்வொன்றாக உருவப்படும். இறுதியில் கப்பலைப் பிடித்திருப்பவை சில முட்டுக்கட்டைகள் மட்டுமே. அவையும் தட்டி வீழ்த்தப்பட்டவுடன் கப்பல் தன் எடையாலேயே நகரத் தொடங்கும்.

கப்பலை அமரம் முன்னாகவே நீரில் இறக்குவர். அகன்ற பின்பகுதி நீரில் விரைவில் மிதப்பாற்றல் பெற்று மேலெழும் என்பதே காரணம். அவ்வாறு பின்பகுதி மிதக்கத் தொடங்கும் நொடியில் முன்பகுதி இன்னும் நிலத்தில் இருப்பதால், பளுவின் பெரும்பங்கு தொட்டிலின் முன்முனையில் குவிகிறது. உடலில் ஏதேனும் தளர்ச்சி இருந்தால் அது வெளிப்படும் இடம் இதுதான். மாறாக, பின்பகுதி போதிய மிதப்பைப் பெறுவதற்குள் எடையின் மையம் சரிவுப் பாதையின் முனையைக் கடந்துவிட்டால், கப்பல் பின்புறமாகக் கவிழ்ந்து சாயும். எனவே நீர் ஏறிநிற்கும் ஓதநேரம் பார்த்தே நாள் குறிக்கப்பட்டது. கப்பல் ஆற்றின் எதிர்க்கரையில் மோதாமலிருக்கச் சங்கிலிக் குவியல்களை அதனுடன் பிணைத்து இழுக்கவிடுவது ஒடுங்கிய ஆறுகளில் வழக்கமாக இருந்தது.

இந்த இடர் வெறுங்கணக்கு அன்று என்பதைக் கிளைடு ஆறு பின்னர் கண்டது. 1883 ஜூலை 3ஆம் நாள் கிளாஸ்கோவின் லின்ட்ஹவுஸ் தளத்திலிருந்து இறக்கப்பட்ட டாஃப்னி என்ற நீராவிக் கப்பல், நீரைத் தொட்டவுடன் ஒருபுறமாகக் கவிழ்ந்தது. எஞ்சிய வேலையை முடிப்பதற்காக உள்ளே இருந்த தொழிலாளர்களுள் 124 பேர் இறந்தனர். இறக்கத்தின்போது கப்பலின் சமநிலையை முன்கூட்டியே கணக்கிடுவதும், கட்டாயம் தேவைப்படுவோரைத் தவிர வேறு எவரையும் உள்ளே ஏற்றாமல் இருப்பதும் இதன்பின்னரே வலியுறுத்தப்பட்டன. கட்டி சார்க்கை முடித்துக்கொடுத்த டென்னி நிறுவனம், அதே 1883இல், மாதிரிக் கப்பல்களை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதிக்கும் கூடத்தை டம்பார்ட்டனில் அமைத்தது; வணிகக் கப்பல் தளம் ஒன்று அமைத்த முதல் கூடம் அதுவே.

1869 நவம்பர் 22, திங்கட்கிழமை, மூடியின் மனைவி பெயர் சூட்ட, கட்டி சார்க் லெவன் ஆற்றில் இறங்கியது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கதைப்பாடலில் நன்னி என்னும் இளம் சூனியக்காரி அணிந்திருந்த குட்டையான உள்ளாடையே இப்பெயரின் பொருள். குதிரையில் தப்பியோடுபவனை விரட்டிச் சென்று அவள் குதிரையின் வாலைப் பிடித்துவிடுவதாகக் கதை. அதனால்தான் கப்பலின் அணியத்தில் உள்ள நன்னியின் சிற்பம் கையில் வாலுடன் காட்சியளிக்கிறது.

இறக்கத்துக்குப்பின் டென்னி தளத்தில் பாய்மரங்கள் நடப்பட்டன. டிசம்பர் 20ஆம் நாள் கப்பல் கிளைடு முகத்துவாரத்தை ஒட்டிய கிரீனாக்குக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும் கயிறுகள் அங்கே பூட்டப்பட்டன. மூன்று பாய்மரங்களிலும் பருமல் எனப்படும் குறுக்குக் கழிகளிலும் விரிந்த பாய்களின் பரப்பு ஏறத்தாழ 32,000 சதுர அடி. அவற்றைத் தாங்கிய உடலின் நீளம் 212.5 அடி, அகலம் 36 அடி. நீளம் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்ற இந்த விகிதமே அதன் விரைவுக்கும், அதைத் தாங்கும் இரும்பு எலும்பின் தேவைக்கும் ஒருங்கே காரணம்.

ஐந்து நாள் முந்திய கால்வாய்

கட்டி சார்க் நீரில் இறங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, நவம்பர் 17ஆம் நாள், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. எரிபொருள் சிக்கனமான பொறிகளுடன் ஏற்கெனவே சீனக் கடலுக்குச் செல்லத் தொடங்கியிருந்த நீராவிக் கப்பல்களுக்கு, ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தொலைவும் இப்போது மிச்சமாயிற்று. செங்கடலின் காற்று பாய்மரக் கப்பல்களுக்கு ஒத்துவராது, கால்வாய்க்குள் இழுவைச் செலவும் மிகும் என்பதால் கிளிப்பர்களால் அவ்வழியைப் பயன்படுத்த இயலவில்லை. 1870 பிப்ரவரியில் ஷாங்காய் நோக்கிப் புறப்பட்ட கட்டி சார்க், சீனத் தேயிலையை எட்டு முறை ஏற்றிவந்தபின் அவ்வணிகத்தை இழந்தது. 1872இல் தெர்மோப்பிலியுடன் நடந்த போட்டியில் இந்தியப் பெருங்கடலில் சுக்கானைப் பறிகொடுத்து, கப்பலிலேயே வேறொரு சுக்கானைச் செய்து பொருத்தி, போட்டிக் கப்பலுக்கு ஒரு வாரம் பிந்தி லண்டனை அடைந்தது.

அதன் உண்மையான வெற்றி, கட்டியவர்கள் நினைத்திராத ஆஸ்திரேலியக் கம்பளி வணிகத்தில் கிடைத்தது. நிலக்கரி நிரப்பும் துறைகள் அருகிய தென்கடலில் பாய்மரத்துக்கு இன்னும் இடமிருந்தது. 1885இல் ரிச்சர்ட் உட்கெட் தலைமையேற்றபின், தென்கடலின் புயற்காற்றையும் பேரலையையும் தாங்கி அது பல முறை ஏனைய கப்பல்களை முந்தியது. பின்னாலிருந்து வரும் பேரலைக்காக லிண்டன் அகலப்படுத்திய அமரமும், ஆய்வாளர்கள் கேட்டுப் பெற்ற கூடுதல் வலுவும் உரிய கடலைச் சந்தித்த காலம் அது. 1895இல் போர்ச்சுக்கல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு ஃபெரெய்ரா என்ற பெயரில் உழைத்த அக்கப்பலை, 1922இல் வில்ஃபிரட் டவுமன் என்னும் கப்பல் தலைவர் வாங்கி மீண்டும் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். 1954இல் அது கிரீனிச்சில் உலர்துறைக்குள் நிலையாக நிறுத்தப்பட்டது.

2007 மே 21ஆம் நாள் அதில் தீப்பற்றியபோது, பராமரிப்புக்காகப் பாய்மரங்களும் பலகைகளில் ஒரு பெரும்பகுதியும் முன்பே கழற்றி எடுத்துச் செல்லப்பட்டிருந்ததால் அவை தப்பின. இரும்புச் சட்டகமும் பெருமளவு தாக்குப்பிடித்தது. மீட்டமைக்கப்பட்டு 2012 ஏப்ரலில் திறக்கப்பட்ட கப்பல் இப்போது உலர்துறைத் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர்த்தி நிறுத்தப்பட்டுள்ளது. அதனால் பார்வையாளர்கள் அதன் ஏராவுக்கு அடியிலேயே நடந்து, கூரிய அணியமும் அகன்ற அமரமும் எவ்வாறு ஒரே வளைவில் இணைகின்றன என்பதைக் காண முடிகிறது. கடலோடிய காலத்தில் எப்போதும் நீருக்குள் மறைந்திருந்த அவ்வடிவை, 1869 நவம்பர் வரை நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் வாய்ப்பு, நொடித்துப்போன தளத்தில் ஆப்படித்த தச்சர்களுக்கே இருந்தது.